கடலூர் – புதுச்சேரி பக்கம் தமிழில் ஏஏ கூட்டம்: யாராவது போயிருக்கிறீர்களா?

கெடிலக்கரை
செவ்வாய், இரவு 11:52

வணக்கம். இதற்காகவே ஒரு புதுக் கணக்கு தொடங்கி எழுதுகிறேன். ஏன் என்று உங்களுக்கே புரியும்.

வயது 41. வீடு திருப்பாதிரிப்புலியூர், வேலை சிப்காட்டில், ஷிப்ட். 19 வயதில் குடி ஆரம்பித்தது. முதல் பத்து வருடம் சனிக்கிழமை மட்டும். அப்புறம் நைட் ஷிப்ட் முடிந்த காலைகளில். இப்போது எந்த ஷிப்ட் என்ற கணக்கெல்லாம் இல்லை.

நிறுத்திப் பார்க்காதவன் இல்லை. இரண்டு தடவை ஐயப்பனுக்கு மாலை போட்டேன். 48 நாளும் ஒரு சொட்டு தொடவில்லை, அதில் எனக்கே பெருமை. இரண்டு தடவையும் மாலையைக் கழற்றிய ராத்திரி முள்ளோடையில் இருந்தேன். (வெளியூர்க்காரர்களுக்கு: கடலூரைத் தாண்டியதும் வரும் புதுச்சேரி எல்லை அது. அங்கே என்ன கடை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.) ஒரு தடவை மச்சான் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டார். கயிறு மூன்று மாதம் தாங்கியது. நான் மூன்று வாரம்.

இப்போது என் மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அப்பா வர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு) என்று ஒன்று இருப்பது தெரியும். போன ஞாயிறு போனில் தேடி, புதுச்சேரியில் ஒரு இடம் கிடைத்து, பஸ் ஏறிப் போனேன். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் வந்து, அந்தக் கூட்டம் எல்லாம் எப்பவோ மாறிப் போச்சு, இப்போ இங்கே டியூஷன் நடக்குது என்றார். திரும்பும் வழியில் நான் எங்கே இறங்கினேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கூட்டம் தமிழில் இருக்க வேண்டும். தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது. சரியான விலாசம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.


மூன்றாவது பெஞ்சு
புதன், காலை 5:40

தம்பி, விலாசம் போட மாட்டேன். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

நான் குடியை விட்டு 11 வருடம். புதுச்சேரியில் தமிழில் நடக்கும் கூட்டங்களுக்குத்தான் போகிறேன். ஏஏ-க்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பள்ளிக்கூட வகுப்பறை, சர்ச் வளாகத்தில் ஓர் அறை, ஏதாவது சங்கக் கட்டடம் என்று சின்ன வாடகைக்கு எடுத்து நடத்துவார்கள். தலைமையாசிரியர் மாறினால் அறை போகும். பரீட்சை வந்தால் கிழமை மாறும். இணையத்தில் போட்ட விலாசம் மட்டும் அப்படியே நிற்கும். நான் இன்று ஒன்றை எழுதி, அதை அடுத்த வருடம் ஒருவன் நம்பிப் பஸ் ஏறி, பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

விலாசத்தைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். ஏஏ-வின் இந்தியத் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்திலேயே தொடர்பு எண்கள் கிடைக்கும். கூப்பிட்டு இப்படிச் சொல்லுங்கள்: "நான் புதுசு. கடலூரிலிருந்து வருகிறேன். பஸ் நிலையத்தில் யாராவது வந்து நிற்க முடியுமா?" நிற்பார்கள். உபகாரம் கேட்கிறோமே என்று கூச வேண்டாம். உங்களுக்காக வந்து நிற்பவனுக்கும் அன்றைய நாள் குடிக்காமல் கழியும், அதுதான் அவனுக்குக் கூலி.

இது ஆரம்பித்த கதையே இப்படித்தான். 1935 மே மாதம். குடியை விட்டு ஐந்து மாதமான ஒரு நியூயார்க் பங்குத் தரகர் வியாபார விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போகிறார். போன காரியம் கெட்டுப் போகிறது. சனிக்கிழமை, கையில் காசு குறைவு, ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இன்னொரு பக்கம் டெலிபோன், பக்கத்தில் உள்ளூர்ப் பாதிரியார்களின் பட்டியல். அவர் டெலிபோனை எடுத்தார். யார் யாரிடமோ பேசி, கடைசியில் தன்னைப்போலவே குடியில் கிடந்த ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டரின் முன்னால் போய் உட்கார்ந்தார். கால் மணி நேரம்தான் பேசுவேன் என்று கறாராக வந்த அந்த டாக்டர் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கடைசியாகக் குடித்தது ஜூன் 10. அதைத்தான் ஏஏ பிறந்த நாள் என்கிறோம்.

பூட்டிய கேட்டுக்கு வெளியே நீங்கள் நின்றீர்களே, அதே இடம்தான். உங்கள் கையில் எண் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், தருகிறேன்.


வார்டு நைட் டூட்டி
புதன், காலை 7:15

கூட்டத்தைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி. நான் நர்ஸ். அண்ணா, காலையில் குடிக்காமல் இருந்தால் கை நடுங்குகிறதா? வியர்க்கிறதா? எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? வெட்கப்படாமல் பதில் எழுதுங்கள்.


கெடிலக்கரை
புதன், மதியம் 2:30

நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போகாமல் சவரம் செய்ய முடியாது. போன சித்திரையில் இரண்டு நாள் நிறுத்தியபோது ஒரு தடவை விழுந்துவிட்டேன், கைகால் இழுத்துக்கொண்டது என்றார்கள். வெயில் என்று சொல்லி மோர் கொடுத்தார்கள்.


வார்டு நைட் டூட்டி
புதன், மாலை 4:05

அது வெயில் இல்லை அண்ணா.

தினமும் காலையிலிருந்தே குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2-வது நாளிலிருந்து 4-வது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்பார்கள், நாள் கிழமை தெரியாது. வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அது உயிரை எடுக்கக் கூடிய நிலை. ஒரு முறை வலிப்பு வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதனால் வைராக்கியமாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்தும் வேலை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்து நிறுத்துங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மருந்து கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் வெளியே அனுப்புவார்கள்.

இன்னொன்று. தெருமுனை கிளினிக்கில் போய்க் களைப்பாக இருக்கிறது என்று குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். பல வருடம் குடித்த உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். குடிக்கிறவர் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது இதற்காகத்தான்.

எங்கே போவது: மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை. அல்லது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெயரில்தான் கடலூர், இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில். புதுச்சேரி வசதி என்றால் கோரிமேட்டில் ஜிப்மர். எங்கே போனாலும் மனநலப் பிரிவு என்று கேளுங்கள், காலையிலேயே போய்ச் சீட்டு போடுங்கள். பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். அந்த வரிசையில் பாதிப் பேர் தூக்கம் வராமல் வந்தவர்கள்.

போனில் பேச வேண்டும் என்றால் 14446 மது, போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண். 14416 மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இரண்டுக்கும் காசு இல்லை.


ஊர்ப்பெரியவர் 62
புதன், இரவு 8:50

இதற்கு இவ்வளவு சுற்றல் எதற்கு? ஒரு மாத்திரை இருக்கிறது. பொடி பண்ணிச் சாம்பாரில் கலந்துவிட்டால் ஆளுக்கே தெரியாது. அப்புறம் குடித்தால் வாந்தி எடுத்து, தானாக வெறுத்துவிடுவான். எங்கள் தெருவில் ஒருத்தனுக்குக் கொடுத்தார்கள்.


வார்டு நைட் டூட்டி
புதன், இரவு 9:02

ஐயா, அது டைசல்ஃபிராம். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது மது போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட வேலை செய்யும். இதயம், கல்லீரல் சோதித்த பிறகு, சாப்பிடுபவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து. சாம்பாரில் கலப்பது வைத்தியம் ஆகாது. தயவுசெய்து வேறு யாரிடமும் இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.


ஊர்ப்பெரியவர் 62
புதன், இரவு 9:40

சரிம்மா. தெரியாமல் சொல்லிவிட்டேன்.


மஞ்சக்குப்பம் அக்கா
வியாழன், மதியம் 1:10

தம்பி, உங்கள் வீட்டம்மாவுக்காக எழுதுகிறேன். இந்த இழையை அவரிடம் காட்டுங்கள்.

என் வீட்டுக்காரர் 17 வருடம் குடித்தார். அந்த 17 வருடமும் நான் போலீஸ் வேலை பார்த்தேன். வாய் ஊதச் சொல்வது, சட்டைப்பை பார்ப்பது, மோட்டார் ரூமில் ஒளித்த பாட்டிலைத் தேடி வாஷ்பேசினில் கொட்டுவது. கொட்டியதில் ஒரு நாளாவது அவர் குடிக்காமல் இருந்தாரா? இன்னொன்று வாங்கினார், காசுதான் இரண்டு மடங்கு போயிற்று. அவர் கம்பெனிக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொன்னதும் நான்தான். இங்கே டாஸ்மாக்கில் விலை ஏறினால் சந்தோஷப்படுவேன், அவர் முள்ளோடைக்கு வண்டியை விடுவார்.

குடிப்பவரின் குடும்பத்துக்கு என்று தனியாக அல்-அனான் இருக்கிறது. ஏஏ-வைத் தொடங்கியவரின் மனைவி 1951-ல் தொடங்கியது. அவர் திருந்தினால்தான் நாம் போக வேண்டும் என்று இல்லை, அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே நாம் போகலாம். எனக்கு அங்கே யாரும் அவரைத் திருத்த வழி சொல்லித் தரவில்லை. முதல் நாளே எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது. நான்காவது வாரம்தான், நான் சாப்பிட்டேனா என்று என்னை யாரும் கேட்டுப் பல வருடம் ஆனது நினைவுக்கு வந்தது. அந்த வாரம் நான் அவருக்காகப் போன் செய்து பொய் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் பிடித்தார்கள். சண்டை நடந்தது. ஆனால் அது அவருடைய சண்டையாக இருந்தது.

ஏஏ-விலும் திறந்த கூட்டம் என்று வைப்பார்கள், அதற்கு வீட்டாரும் போய் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். போகும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை கேட்காமல் போய் வாசல் திண்ணையில் ஒன்றரை மணி நேரம் கொசுக்கடி வாங்கினேன்.


நேர்கேள்வி
வியாழன், இரவு 10:25

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சர்ச் வளாகம், பாதிரியார் பட்டியல், அப்புறம் கடவுளிடம் ஒப்படைப்பு. கொஞ்சம் வாசித்தேன், ஏஏ-வில் பின்பற்றச் சொல்லும் 12 படிகளில் பாதியில் கடவுள் வருகிறார். இது மதம் மாற்றும் வேலை இல்லையா? இரண்டாவது, இது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் என்ன? விட்டவர்கள் கதை சொல்கிறார்கள், விடாதவர்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. அப்படியானால் கணக்கு எப்படிச் சரியாகும்?


மூன்றாவது பெஞ்சு
வெள்ளி, காலை 5:30

நல்ல கேள்விகள். நானும் கேட்டவன்தான், நான் பெரியார் புத்தகம் படித்து வளர்ந்த ஆள்.

சர்ச் அறை கொடுக்கிறது, நாங்கள் வாடகை கொடுக்கிறோம். யாரும் ஜெபம் செய்யச் சொல்லி வற்புறுத்துவதில்லை. படிகளில் இருக்கும் வாசகம் "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்". எங்கள் குழுவில் ஒருவருக்கு அது அங்காளம்மன். ஒருவர் வடலூர் ஜோதி என்பார். எனக்கு அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான். என்னால் தனியாக முடியவில்லை, இத்தனை பேர் சேர்ந்தால் முடிகிறது, என்னைவிடப் பெரிது எதுவோ இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள எனக்கு அது போதுமாக இருந்தது. அது பிடிக்காமல் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சேருவதற்கு ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, சாதி, ஊர், வேலை யாரும் கேட்பதில்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், டீக்கும் வாடகைக்கும். புதியவர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். வெளியாள் நன்கொடை கொடுத்தாலும் வாங்குவதில்லை. மறுவாழ்வு மையம் என்ற பெயரில் மாதத்துக்கு இவ்வளவு என்று கேட்டு, ஆளை வேனில் தூக்கிக்கொண்டு போவார்களே, அதற்கும் ஏஏ-க்கும் சம்பந்தமில்லை. அப்படி ஓர் இடத்தில் நான் 40 நாள் இருந்தேன். வெளியே வந்து எடுத்த முதல் காரியம் குடித்தது.

ஆதாரம் பற்றி: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பில் 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏஏ-வும், ஆட்களை ஏஏ-வில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சைகளும், மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு இணையாக இருந்தன. முழுவதுமாகக் குடிக்காமல் இருப்பதில் அவற்றைவிடக் கூடுதல் பலன். அதற்காக எல்லோருக்கும் பலிக்கும் என்று அர்த்தமில்லை. மருந்தும் டாக்டரும் வேண்டியவருக்கு வேண்டும். மாத்திரையை நிறுத்து என்று எந்தக் குழுவிலாவது யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.


நேர்கேள்வி
வெள்ளி, காலை 9:10

நேரான பதில். கடவுள் விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை, ஆனால் கெடிலக்கரை போய்ப் பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன்.


கெடிலக்கரை
24 நாள் கழித்து, திங்கள், இரவு 9:30

எல்லோருக்கும் வணக்கம். காணாமல் போனவன் செத்துவிட்டானோ என்று நினைத்திருப்பீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் 9 நாள் இருந்தேன். மூன்றாவது ராத்திரி மின்விசிறியிலிருந்து எறும்பு கொட்டுகிறது என்று கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. சிஸ்டர், நீங்கள் எழுதியதை என் மனைவி படித்திருந்ததால் பயப்படாமல் டூட்டி நர்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டில் இருந்திருந்தால் மச்சான் வேப்பிலையோடு வந்திருப்பார்.

வெளியே வந்து நான்காம் நாள் பெஞ்சு அண்ணன் கொடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் முதலில் கேட்டது, இப்போ எங்கே நிற்கிறீங்க என்று. ஞாயிறு 4 மணிக்கு வாங்க, பஸ் நிலையத்தில் கையில் தினத்தந்தி வைத்துக்கொண்டு நிற்பேன் என்றார். போய் இறங்கினால் கையில் தினத்தந்தியோடு எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவராகப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருவர் தானாக வந்து, கடலூரா, வாங்க டீ சாப்பிடலாம் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். முழியைப் பார்த்துத்தான் என்றார்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, முட்டி இடிக்கிறது. கரும்பலகையில் யாரோ போட்ட கழித்தல் கணக்கு அழிக்காமல் இருந்தது. 14 பேர். ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லித் தன் கதையைச் சொன்னார்கள். குறுக்கே யாரும் பேசவில்லை, புத்தியும் சொல்லவில்லை. ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசை எடுத்த கதையைச் சொன்னார். யாரும் உச்சுக்கொட்டவில்லை. இரண்டு பேர் தலையாட்டினார்கள், அவர்களும் எடுத்திருப்பார்கள் போல.

என் முறை வந்தது. பேர் சொன்னேன். அடுத்த வாக்கியம் வரவில்லை. பரவாயில்லை, வந்ததே போதும் என்றார்கள்.

தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன் அல்லவா? கடைசி பெஞ்சில் ஒருவர். முள்ளோடையில் நான்கைந்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று குடித்திருக்கிறோம். திடீரென்று வருவது நின்றதும், ஈரல் போய் ஆள் போய்விட்டான் என்று பேசிக்கொண்டோம், அவர் பேரைச் சொல்லி ஒரு ரவுண்டு வேறு ஊற்றினோம். கூட்டம் முடிந்ததும் அவரிடம் அதைச் சொன்னேன். அரை மணி நேரம் சிரித்தார். அந்த ரவுண்டுக்குக் காசு யார் கொடுத்தது என்று கேட்டார்.


மூன்றாவது பெஞ்சு
திங்கள், இரவு 9:55

எட்டு தினத்தந்தி! அவரிடம் பல தடவை சொல்லியாகிவிட்டது, குடையாவது பிடிங்கள் என்று. கேட்க மாட்டார்.

திரும்பி வரும்போது பஸ் எப்படி இருந்தது?


கெடிலக்கரை
திங்கள், இரவு 10:05

அதைத்தான் கேட்க வந்தேன். தவளக்குப்பம் வரை ஒன்றும் இல்லை. கிருமாம்பாக்கம் தாண்டியதும் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. கன்னியகோயில் நிறுத்தத்தில் கால் தானாக எழுந்தது. தொங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு முள்ளோடையைக் கடந்தேன். ஆல்பேட்டை வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். வாரா வாரம் இப்படியா?


மூன்றாவது பெஞ்சு
திங்கள், இரவு 10:20

கொஞ்ச நாளைக்கு அப்படித்தான். வயிறு காலியாக ஏறாதீர்கள், பஸ் நிலையத்தில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். பசியை உடம்பு தாகம் என்று மாற்றிச் சொல்லும். ஜன்னலோரம் வேண்டாம், உள்பக்கம் உட்காருங்கள், பக்கத்து ஆளை எழுப்பித்தான் இறங்க முடியும் என்று இருக்கட்டும். கிருமாம்பாக்கத்தில் எனக்குப் போன் போடுங்கள், ஆல்பேட்டை வரை கிரிக்கெட் பேசுவோம். வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சபதம் எடுக்காதீர்கள். இந்தப் பஸ் போய்ச் சேரும் வரை, அவ்வளவுதான்.

90 நாளில் 90 கூட்டம் என்று பழையவர்கள் சொல்வார்கள். கடலூரிலிருந்து ஷிப்ட் வேலையோடு அது நடக்காது. இணையத்திலும் தமிழில் கூட்டம் நடக்கிறது, அந்த இணைப்பைத் தனியாக அனுப்புகிறேன். நைட் ஷிப்ட் வாரத்தில் அது உதவும்.


மஞ்சக்குப்பம் அக்கா
செவ்வாய், காலை 6:50

தை 5 ஆற்றுத் திருவிழா வருகிறது தம்பி. பெண்ணையாற்றங்கரையில் அன்றைக்குக் கூட்டாளிகள் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். வீட்டோடு சேர்ந்து போங்கள், சாமி பாருங்கள், சிறுவள்ளிக்கிழங்கு வாங்குங்கள், இருட்டும் முன் வீடு வந்து சேருங்கள். என் வீட்டுக்காரர் விட்ட பிறகு வந்த முதல் ஆற்றுத் திருவிழாவுக்கு நாங்கள் போகவே இல்லை. கிழங்கை மட்டும் ஆள் விட்டு வாங்கி அவித்தோம். உங்கள் வீட்டம்மா எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். பேசிக்கொள்கிறோம்.


நெல்லிக்குப்பம் லோடு
செவ்வாய், மதியம் 3:15

நான் மூன்று வாரமாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதவில்லை. லாரி ஓட்டுகிறேன். எனக்கு நடுக்கம் இல்லை, டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டேன், வெளியிலிருந்தே நிறுத்தலாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் தனியாகப் புதுச்சேரி பஸ் ஏற எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. கெடிலக்கரை அண்ணே, நீங்கள் இந்த ஞாயிறு போகிறீர்களா?


கெடிலக்கரை
செவ்வாய், மாலை 6:40

போகிறேன். கடலூர் பஸ் நிலையம், மதியம் 2:45, புதுச்சேரி பஸ் நிற்கும் இடம். வரும்போது சாப்பிட்டுவிட்டு வாங்க. நான் ஊதா கட்டம் போட்ட சட்டை போட்டிருப்பேன். கையில் பேப்பர் எதுவும் இருக்காது.